அலுமினியம் சிவக்காது

ஊரூர் குப்பத்தில் போய் லாரன்ஸ் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'இரும்பு மாப்ள' வீடு என்று கேட்டுப் பாருங்கள், கூடவே வந்து கதவைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். சாந்தோம் பக்கத்திலிருந்து வந்து குப்பத்துப் பெண் ஷீலாவைக் கட்டிக்கொண்டு, அவள் அண்ணன் பிரபு வலை போட்டுவைக்கிற கொட்டகையிலேயே வெல்டிங் பட்டறையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன். அவனை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

கொட்டகைக்குப் பின்னால் மணல், மணலுக்குப் பின்னால் கடல். கடற்கரைக்காரர்களுக்கு மீன் சோறு போடுகிறது என்றால் லாரன்ஸுக்குத் துரு சோறு போட்டது. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டு கிரில் எதுவும் மூன்று மழைக்கு மேல் தாங்காது. முதலில் பெயிண்ட் கொப்பளிக்கும், அப்புறம் அப்பளம் மாதிரி உரியும், அப்புறம் விரலால் குத்தினால் விரல் அந்தப் பக்கம் வரும். உடனே லாரன்ஸைக் கூப்பிடுவார்கள். அவன் புதிதாக அடித்துக் கொடுப்பான், ஷீலா துரு பிடிக்காமலிருக்க சிவப்பு ரெட் ஆக்சைடு பூசுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வலது கை செக்கச்செவேல் என்றுதான் இருந்தது. தீராத மருதாணிடி உனக்கு என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சிரிப்பாள்.

பிறகு ஜனங்கள் விவரமாகிவிட்டார்கள். இரும்பு வேண்டாம், அலுமினியம் போடு என்று ஆரம்பித்தார்கள். லாரன்ஸும் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் போய் ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொண்டு மிஷினோடு வந்து இறங்கினான். பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை. அவன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன், அலை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவன். தெரியாத சாமான் எதுவும் அவனுக்கு ஆகாது.

"மாப்ள, இன்னா வேணா செஞ்சிக்க. எந்தங்கச்சிக்கு மட்டும் இந்த மிஷினால ஒண்ணு ஆச்சு, பட்டறையும் கெடையாது, நீயும் கெடையாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பிரபு சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் விட்டதாகக் குப்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அலுமினியத்துக்கென்று வந்த பெரிய வேலைகளில் ஒன்று சந்திரமௌலியினுடையது. மயிலாப்பூர்க்காரர், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் வர்ஷினி பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த ஃபிளாட் வாங்கியிருந்தாள். அதன் பால்கனிக்குக் கைப்பிடி வேண்டும். மகளுக்கு அலுமினியம், அப்பாவுக்கு இரும்பு. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா லாரன்ஸ், அலுமினியம் வெயிட்ல இரும்புல மூணுல ஒரு பங்குன்னு போட்டிருக்கான். அப்போ பலமும் மூணுல ஒரு பங்குதானே? ஆத்துல குழந்தைகள் ஓடிண்டே இருக்கும். சாஞ்சா தாங்குமோ?"

"சுத்த அலுமினியம்னா தாங்காது சார். இது கலப்பு. மக்னீசியம், சிலிக்கான்லாம் போட்டு வர்றது. பைப்பு கனத்தைக் கொஞ்சம் ஏத்திப் போட்டா நல்லா தாங்கும். இன்னா, இரும்பு மாரி வளைஞ்சு குடுக்காது."

"வளையலேன்னா நல்லதுதானே?"

"அங்கதான் சார் கீது விசயம். இரும்பு தாங்க முடியலன்னா மொதல்ல வளையும், கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் போடும். நாம ஒதுங்கிக்கலாம். இது வெல்டு பக்கத்துல வீக்காயிடுச்சுன்னா வாயத் தொறக்காது. ஒரு நாள் பட்டுன்னு வுட்ரும். அதான் வெல்டை ரொம்ப பதனமா அடிக்கணும்."

"அப்ப இரும்பே போட்ருங்க சார்" என்று ஷீலா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "எனக்கும் பெயிண்ட் வேலை இருக்கும்."

சந்திரமௌலி சிரித்தார். "உங்காத்துக்காரர் எதை விக்கறார்னே தெரியலையேம்மா. சரி, துரு விஷயம்?"

"அதுல அலுமினியத்த அடிச்சிக்க முடியாது சார். இரும்புல துரு புடிச்சா உள்ள உள்ள தின்னுக்கினே போவும். இது மேலாக்க மெலிசா ஒரு தோலு போட்டுக்கும், அதுக்கு அப்பால உப்புக்காத்து உள்ள போவாது. நாங்க அந்தத் தோலத் தேச்சு எடுத்துட்டுத்தான் வெல்டு அடிக்கிறோம். எடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா திரும்பப் போட்டுக்கினு குந்தினு இருக்கும்."

"சூடு கடத்தறது மட்டும் மூணு நாலு மடங்குன்னு போட்டிருக்கான்" என்றார் அவர், போனை விடாமல். "வெயில்ல குழந்தை கையை வெச்சா?"

"சிமெண்ட்டுத் தரையும்தான் சார் சுடும். புள்ளைங்க தானா கைய எடுத்துக்கும்."

அன்றைக்கு இதைச் சொல்லிவிட்டு லாரன்ஸும் சிரித்தான். பின்னால் இந்தச் சிரிப்பை நினைத்து எத்தனை தடவை பல்லைக் கடித்தான் என்பதற்குக் கணக்கில்லை.

அலுமினியம் வந்ததும் ஷீலாவின் கையில் இருந்த சிவப்பு போய்விட்டது. அலுமினியத்துக்கு ரெட் ஆக்சைடு வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். சும்மா உட்காரப் பிறந்தவள் இல்லை அவள். "நான் புடிக்கிறேன், நீ அடி" என்று துணைக்கு வந்துவிட்டாள். ஆர்கான் வெல்டிங்குக்குக் காற்று ஆகாது, வெல்டைச் சுற்றி நிற்கிற கேஸைக் கடல்காற்று கலைத்துவிடும். மத்தியானம் காற்று திரும்பியதும் அவள்தான் தார்ப்பாயை இறக்கிக் கல் வைத்துக் கட்டுவாள். உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இரண்டு பேரும் வேர்த்து ஊற்ற, அவன் அடிக்க, அவள் எடுத்துக்கொடுக்க, முடிந்ததை எடுத்து அடுக்க என்று வேலை ஓடும்.

அம்பத்தூரில் லாரன்ஸுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. இரும்பு சூடானால் சிவக்கும், அப்புறம் நீலம் பாரிக்கும், மேலே செதில் கட்டும், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலுமினியம் சிவக்காது. உருகுகிற வரைக்கும் அதே வெள்ளை முகம்தான். இன்னொன்று, இரும்பில் இந்த முனையில் வெல்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த முனையைக் கையால் பிடிக்கலாம். அலுமினியத்தில் சின்னத் துண்டென்றால் அடிக்கிற முனைக்கும் பிடிக்கிற முனைக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் அடித்து வைத்த சாமான் மேல் 'சூடு' என்று எழுதாமல் நகரக் கூடாது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நானும் நீயும்தான கீறோம் பட்டறைல. சூடுன்னு யாருக்கு எய்தப் போற? எனக்குன்னா எம்பேரு எய்து. நான் தெரிஞ்சிக்கிறேன்."

"முழுப் பேருமா? அதுக்குள்ள அது ஆறிடும்."

"மொத எழுத்து போடேன்."

அப்படித்தான் 'ஷீ' வந்தது. அடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நீல மார்க்கரை எடுத்து 'ஷீ' என்று போட்டு ஒரு வட்டமும் போடுவான். இன்னும் தொடாதே என்று அர்த்தம். ஆறினதும் அவளே தின்னரில் நனைத்த துணியால் தன் பேரை அழித்துவிட்டு எடுத்து அடுக்குவாள். பேர் இல்லாத சாமான் என்றால் எடுக்கலாம். வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. பிரபு ஒரு நாள் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, பைப்புக்கெல்லாம் ஏதோ நாமம் போட்டுக்கினு கீற" என்றான். அவர்கள் சொல்லவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் இருக்கிற விளையாட்டை அண்ணனிடம் போய் யார் சொல்வார்கள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். வானம் மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது. சந்திரமௌலி வீட்டுக் கைப்பிடிக்கான கால்கள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், அடியில் கனத்த தட்டு. தட்டு கனம் என்பதால் முதலில் கேஸ் சுடரில் காட்டிச் சூடேற்றிவிட்டு, சுற்றி இரண்டு தரம் அடிக்க வேண்டும். கடைசிக் காலை அடித்து முடித்து ஸ்டாண்டில் வைக்கும்போது போன் அடித்தது.

"லாரன்ஸ், ஆயிண்டிருக்கா? வர்ஷினி தொளைச்செடுக்கறா."

உள்ளே சரியாகக் கேட்கவில்லை. லாரன்ஸ் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மார்க்கர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே காற்று சில்லென்று முகத்தில் பட்டது, நன்றாக இருந்தது. பேச்சை இரண்டு நிமிஷம் நீட்டினான்.

ஷீலா தட்டு இருந்த முனையைத் தொடவில்லை. அது எந்த முட்டாளுக்கும் தெரியும். மறு முனையைத்தான் பிடித்தாள், பத்து வருஷமாக இரும்பில் பிடித்த மாதிரியே, உள்ளங்கை முழுக்க வைத்து, அழுத்தமாக. பைப்பில் பேர் இல்லை.

சத்தம் கேட்டு லாரன்ஸ் ஓடிவந்தபோது பைப் தரையில் கிடந்தது. அவள் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "செவக்கவே இல்லியே" என்றாள். "செவக்கவே இல்லியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீரை ஊற்றினான். மாமியார் தேவானை பல் பேஸ்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், அதைத் தட்டிவிட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே காப்பீட்டு அட்டை கொண்டுவரச் சொன்னார்கள். தேவானையைத் துணைக்கு விட்டுவிட்டு லாரன்ஸ் திரும்பி வந்தான். வழியிலேயே பிரபு போனில் பிடித்தான். காசிமேட்டில் இன்ஜின் வேலையாகப் போயிருந்தவன்.

"இன்னா நடந்துச்சு? நான் வந்துக்கினே கீறேன். நேரா பட்டறைக்கு வர்றேன், நீ அங்கயே இரு."

அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். பட்டறைக்குள் போனான். பைப் கிடந்த இடத்திலேயே கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தான். நன்றாக ஆறியிருந்தது. அவள் பிடித்த முனையில் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. தெருமுனையில் பிரபுவின் பைக் சத்தம் கேட்டது.

சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தான். பைப்பின் நடுவில், யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, பெரிதாக 'சூடு' என்று எழுதினான். எழுத்து நன்றாகவே வந்தது. ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றான்.

பிரபு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வரும்போது அவன் முகத்தில் இருந்த கோபம் திசை மாறியிருந்தது. லாரன்ஸின் தோளில் கையைப் போட்டான்.

"நீ இன்னா பண்ணுவ மாப்ள. அம்மாம் பெருசா எய்தி வெச்சிகீற."

வாழ்க்கையில் அந்தக் கை அவ்வளவு கனமாக அவனுக்கு இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பிரபு தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கினான், கலங்கினது வெளியே தெரியக் கூடாதென்று கத்தினான்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு? சூடுன்னு கொட்ட எழுத்துல எய்தி வெச்சிகீறான். அத்தக்கூடப் பாக்காம போய்ப் புடிப்பியா நீ?"

ஷீலா அண்ணனைப் பார்த்தாள். "சூடுன்னா?" என்றாள்.

"பின்ன? நான் கண்ணால பாத்துட்டு வர்றேன்."

அவள் லாரன்ஸ் பக்கம் திரும்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். லாரன்ஸ் சுவரில் ஒட்டியிருந்த டெங்குக் கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் பாக்கலண்ணா" என்றாள் கடைசியில்.

காயம் ஆறியது, கை ஆறவில்லை. தோல் இழுத்துக்கொண்டு நடுவிரலும் அடுத்த இரண்டும் மடங்கியே நின்றன. பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள், எண்ணெய் போட்டு நீவச் சொன்னார்கள். லாரன்ஸ் இரண்டையும் தவறாமல் செய்துவைத்தான். காலையில் எழுந்து தலை வாரிவிட்டான், கொண்டை மட்டும் வரவில்லை. மத்தி வாங்கி வந்து செதில் உரித்தான். நெத்திலியைக் கிள்ளி ஆய உட்கார்ந்தால் மீனில் பாதி விரலோடு போய்விடும். தேவானை அதைப் பார்த்து அங்கலாய்த்தாள்.

"தங்கமான புள்ள. வேற ஒருத்தன்னா இந்நேரம் சாக்கு சொல்லிக்கினு வெளிய சுத்தினு இருப்பான். நீ செஞ்ச தப்புக்கு அவன் மீன் ஆயறான் பாரு."

ஷீலா பந்தை அமுக்கிக்கொண்டே, "ஆமாம்மா" என்பாள்.

அவள் பட்டறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அதுவாவது பரவாயில்லை. வீட்டிலும் எதையும் தானாகத் தொடமாட்டேன் என்று ஆகிவிட்டது. டீயைக் கொண்டுவந்து வைத்தால் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சுடுதா?"

"இல்ல, குடி."

"நீ தொட்டுப் பாத்துச் சொல்லு."

தொட்டுப் பார்த்துச் சொல்வான். அதற்கப்புறம்தான் எடுப்பாள். சாம்பார்ச் சட்டி, இஸ்திரிப் பெட்டி, வெயிலில் கிடந்த சாவிக்கொத்து, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. ஒரு பெண் தன் கண்ணையே நம்பாமல் போகும்படி செய்துவிட்டோமே என்று லாரன்ஸ் நினைப்பான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். "இன்னாபா?" என்பாள் அவள், ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி. "ஒண்ணும் இல்ல. எண்ணெய் தீந்துபோச்சு, வாங்கியாரணும்" என்று முடிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றான். முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது, சாமியாரிடம் சொல்லிவிட்டால் ஷீலாவிடம் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவனுக்கே அருவருப்பாகிவிட்டது. வரிசையை விட்டு வெளியே வந்து, எலியட்ஸ் பீச்சில் காதலர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் அநாதை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

இத்தனைக்கும் மேலே அந்தப் பைப். அதைத் தூக்கிப் போடவிடாமல் பிரபு தன்னிடமே வைத்துக்கொண்டான். கொட்டகைக் கம்பத்தில் வலைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டான். சந்திரமௌலி வீட்டுக்கு வேறொரு கால் செய்துதான் போட வேண்டியிருந்தது. குப்பத்தில் யார் வந்து ஷீலாவின் கையை விசாரித்தாலும் பிரபு கம்பத்தைக் காட்டுவான். "பாரு, எய்தியே கீது. எந்தங்கச்சிக்குத்தான் கண்ணு பத்தல." மாப்பிள்ளை மேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது என்கிற அக்கறை அவனுக்கு.

லாரன்ஸின் பயம் அந்த எழுத்தின் நிறத்தில் இருந்தது. சூடான அலுமினியத்தில் எழுதினால் மை வெந்து பழுப்பாகிவிடும். ஆறினதில் எழுதினது பளிச்சென்ற நீலத்தில் அப்படியே இருந்தது. தொழில் தெரிந்தவன் எவனாவது வந்து, இது சூட்டில் எழுதினது இல்லையே என்று கேட்டுவிட்டால்? புதிதாக யார் பட்டறைக்குள் நுழைந்தாலும் கம்பத்துக்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வான். துரு பிடித்தாலாவது மறையும். அலுமினியம் ஆயிற்றே, உப்புக்காற்றில் மாதக்கணக்காகத் தொங்கியும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

மாசி பிறந்தது. ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு இரும்பு கேட் வேலை வந்திருந்தது. கேட்டை அடித்து முடித்து மரக்கட்டைகள் மேல் படுக்கப்போட்டிருந்தான். அன்று காலையில் ஷீலா யாரும் கூப்பிடாமலே பட்டறைக்கு வந்தாள். ரெட் ஆக்சைடு டின்னைத் திறந்து குச்சியால் கலக்கினாள். பிரஷ்ஷை இடது கையில் எடுத்தாள், சரிப்படவில்லை. வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மடங்கிய விரல்களை மேலே தூக்கினபடி பூச ஆரம்பித்தாள். கோடு கோணலாகப் போயிற்று. திரும்ப அதன் மேலேயே பூசினாள். ஓரமாக உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பிரபு, கவனிக்காதவன் மாதிரி கவனித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சந்திரமௌலி. மயிலாப்பூர் வீட்டு ஜன்னல் கம்பி ஒன்று ஆடுகிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம்.

"அங்கே இரும்புதாம்ப்பா. அலுமினியம்லாம் பொண்ணாத்தோட போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஷீலாவின் கையைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா ஆச்சு கைக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் பிரபு எழுந்தான். லாரன்ஸ் கம்பத்துக்கு முன்னால் போய் நிற்க ஓரடி எடுத்து வைத்தான், பிரபு முந்திக்கொண்டான்.

"உங்க வூட்டு வேலைல நடந்துதுதான் சார். இத்தப் பாருங்க. எங்க மாப்ள எம்மாம் பெருசா எய்தி வெச்சிகீறாரு. இவ பாக்காம போய்ப் புடிச்சிட்டா."

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைப்பைப் பார்த்தார். பிறகு லாரன்ஸிடம், "கடைசிக் கால் லேட்டாகும்னு சொன்னியே, அன்னிக்கா? நான்கூட போன் பண்ணிண்டிருந்தேனே. என்னாலதானோ?" என்றார். நிஜமாகவே அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சேச்சே, உங்க மேல இன்னா சார் தப்பு" என்றான் பிரபு. "எய்தி வெச்சப்பறம் யார் மேல தப்பு?"

சந்திரமௌலி ஷீலாவின் பக்கம் திரும்பி, பெற்ற பெண்ணிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "எழுதியிருக்கறதைப் பார்க்கப்படாதாம்மா?"

ஷீலா பிரஷ்ஷை டின் விளிம்பில் வழித்தாள். "பாக்கல சார்" என்றாள்.

வழியோடு போகிற மனுஷர், நல்ல மனுஷர், அவரும் அவளைத்தான் சொல்கிறார், அவளும் ஒத்துக்கொள்கிறாள். லாரன்ஸுக்கு அதற்கு மேல் முடியவில்லை. தின்னர் டப்பாவில் கிடந்த துணியை எடுத்தான். நேராகக் கம்பத்துக்குப் போய் அந்த எழுத்தின் மேல் வைத்துத் தேய்த்தான்.

"யோவ் மாப்ள, இன்னா பண்ற? அத்த ஏன் அழிக்கிற?"

"நான் அப்பறமா எழுதினது மச்சான்."

"இன்னாது?"

"அவ புடிச்சப்போ அதுல ஒண்ணுமே எழுதல. போன் வந்துச்சு, நான் எழுதாம வெளிய போயிட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து அட்டை எடுக்க வந்தேன் பாரு, அப்ப எழுதினேன். உன் வண்டி சத்தம் கேட்டுச்சு. பயந்துக்கினு எழுதிட்டேன்."

சொல்லி முடித்ததும் காலுக்குக் கீழே தரை வந்த மாதிரி இருந்தது. இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும். பிரபு அடிப்பான், அடிக்கட்டும். பட்டறையைக் காலி செய் என்பான், செய்துவிடலாம். அவள் கண்ணில் குற்றம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு முழுசாக இறங்கியது.

பிரபு கையில் இருந்த வலையைக் கீழே போட்டான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் லாரன்ஸிடம் வரவில்லை, தங்கையிடம் போனான். ஊரெல்லாம் அவளைக் காட்டிக் காட்டிச் சொன்ன சொல்லெல்லாம் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் எதிரே போய்க் குந்தினான்.

"கேட்டியா ஷீலா, இன்னா சொல்றான்னு."

"தெரியும்ணா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீ ஆஸ்பத்திரில வந்து கத்துன பாரு, அப்பவே."

லாரன்ஸ் துணியும் கையுமாகத் திரும்பினான்.

"எனக்குன்னா இவன் சூடுன்னு எய்த மாட்டாண்ணா. 'ஷீ'ன்னு எம்பேர்ல மொத எழுத்தப் போட்டு வட்டம் போடுவான். நீகூட நாமம்னு கேட்டியே, அதான் அது. ஒரு நாள்கூட மாத்தி எய்தினது இல்ல." அவள் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சூடுன்னு எய்தி கீதுன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சிக்கினேன். அது எனக்கு எய்தினது இல்ல. உனக்கு எய்தினது."

சந்திரமௌலி தரையைப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்கு இன்னொரு நாள் வருவதாக முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.

"ஏன் சொல்லல நீ?" என்றான் லாரன்ஸ்.

"தெனம் கேட்டுக்கினுதான இருந்தேன். சுடுதா சொல்லு, சுடுதா சொல்லுன்னு. நீ டீயைத் தொட்டுப் பாத்து சொன்ன."

பிரபு தலையைக் கையால் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அடிக்கவும் இல்லை, பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அவன் எழுந்து நாலு அறை கொடுத்தால் தேவலை என்று லாரன்ஸுக்கு இருந்தது. கம்பத்தில் பைப் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எழுத்து போய், எப்போதும் போல வெள்ளையாக இருந்தது. துணியில் மட்டும் நீலம் ஏறியிருந்தது.

ஷீலா கடைசிக் கம்பிக்குப் பூசி முடித்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கேட்டின் ஒரு பக்கத்தை இடது கையாலும் வலது முழங்கையாலும் அணைத்துத் தூக்கப் பார்த்தாள். அவள் விரல்களில் பழையபடி சிவப்பு ஏறியிருந்தது.

"அந்தப் பக்கம் புடி. திருப்பணும்."

லாரன்ஸ் அருகில் போனான். கையை நீட்டினான், தொடாமல் நின்றான்.

"இரும்புதான்" என்றாள் ஷீலா. "தைரியமா புடி. சுட்டா செவந்து காட்டும்."